கழித்தல் கணக்கில் சிக்கும் மீன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹேவர்ட் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு மீனின் வாய்க்குள் ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம். நன்னீர் மீன்பிடிப்புக்கென்று எழுப்பிய அருங்காட்சியகத்தின் வளாகத்தில், கண்ணாடியிழைப் பூச்சோடு 143 அடி நீளத்துக்கு அந்த மீனைச் செய்து வைத்திருக்கிறார்கள். நாலு மாடி உயரம். திறந்த வாயில், பற்களுக்கு நடுவே, பார்வையாளர் மாடம். மீனின் பெயர் மஸ்கி. 1955 முதல் விஸ்கான்சினின் மாநில மீன் அதுதான். சிலையைப் பார்க்க நுழைவுச்சீட்டு போதும். உயிருள்ள மஸ்கியைப் பிடிக்கப் பத்தாயிரம் முறை தூண்டில் வீச வேண்டும் என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு.

வீசி, இழுத்து, மறுபடி வீச ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். படகை நகர்த்துவது, சாப்பாடு, ஓய்வு எல்லாம் போக நாளுக்கு 500 வீச்சு தேறும். பத்தாயிரத்துக்கு இருபது நாள் வேண்டும். வெளியூரிலிருந்து போகிறவருக்குக் கிடைப்பதோ ஐந்தாறு நாள்; அதுவும் முன்பின் தெரியாத ஏரியில். அப்படியும் சிலர் பிடித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கைவந்த வித்தை ஒன்றே ஒன்று. எங்கே வீச வேண்டாம் என்பதை முதலில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மஸ்கி பிடிப்பது அடிப்படையில் ஒரு கழித்தல் கணக்கு.

யார் இந்த மஸ்கி?

முழுப் பெயர் மஸ்கெலஞ்ச். வட அமெரிக்காவின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். விலங்கியலில் ஈசாக்ஸ் மாஸ்கினாஞ்ஜி. பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, மிசிசிப்பியின் மேற்பகுதி, ஒஹையோ ஆற்றுப் படுகை, கனடாவின் தென்பகுதி ஆகியவைதான் இதன் பிறப்பிடம். இதன் நெருங்கிய உறவு வடபுலத்துப் பைக் மீன். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி நிறம்: பைக்கின் கருத்த உடலில் வெளிர்புள்ளிகள் இருக்கும், மஸ்கிக்கு வெளிர்ந்த உடலில் கரும்பட்டைகளோ புள்ளிகளோ இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சந்தேகம் வந்தால் கீழ்த்தாடையைத் திருப்பிப் பார்த்து நுண்துளைகளை எண்ணுவார்கள். ஒரு பக்கத்தில் ஐந்து அல்லது அதற்குக் குறைவு என்றால் பைக். ஆறு முதல் ஒன்பது என்றால் மஸ்கி.

உடலமைப்பைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். நீண்ட உருளை உடல். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலுக்குப் பக்கத்தில், அம்பின் இறகுகள் போலப் பின்தள்ளி அமைந்திருக்கும். நெடுந்தூரம் துரத்துவதற்கான உடல் அல்ல இது; நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் கவ்வுவதற்கானது. நம் குளத்து விரால் பாசிக்குள் பதுங்கி நிற்குமே, அதே குணம். ஆனால் விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காக்கும். மஸ்கிக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது. வசந்தத்தில் ஆழமற்ற விரிகுடாக்களில் ஆயிரமாயிரமாக முட்டைகளைச் சிதறிவிட்டுப் போய்விடும். அவற்றில் பெரிதாகி நிற்பவை மிகச் சில.

நல்ல மஸ்கி ஏரி என்று பெயரெடுத்த இடத்திலும் ஏக்கருக்கு ஒரு வளர்ந்த மீன் தேறுவது அபூர்வம். அந்த ஒரு மீனும் நாளின் பெரும்பகுதி இரையெடுக்காமல் சும்மா கிடக்கும். ஆகவே கழிக்க வேண்டியவை இரண்டு: மீன் இல்லாத நீர், மீன் வாய் திறக்காத நேரம்.

பக்கத்துப் பக்கத்து ஏரிகள், வேறு வேறு கணக்குகள்

ஹேவர்டைச் சுற்றி இரண்டு நீர்நிலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று லக் கூர்ட் ஓரே. ஐயாயிரம் ஏக்கர் பரப்புள்ள இயற்கை ஏரி. தெளிந்த நீர், தொண்ணூறு அடி ஆழம், குளிர்ந்த அடிநீரில் வாழும் கொழுத்த சிஸ்கோ மீன்கள். மற்றொன்று சிப்பேவா நீர்த்தேக்கம். 15,300 ஏக்கர். தேநீர் நிறத்தில் கலங்கிய நீர், மூழ்கிய அடிமரங்கள், எண்ணற்ற தீவுகள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடாத கரை.

உலகின் மிகப் பெரிய மஸ்கி என்ற பட்டத்துக்குப் போட்டியிடும் இரண்டு மீன்களும் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வந்தன, அதுவும் ஒரே ஆண்டில். 1949 ஜூலையில் கால் ஜான்சன் லக் கூர்ட் ஓரேயில் பிடித்தது 67 பவுண்டு 8 அவுன்ஸ், கிட்டத்தட்ட 30.6 கிலோ. அதே ஆண்டு அக்டோபரில் லூயி ஸ்ப்ரே சிப்பேவாவில் பிடித்தது 69 பவுண்டு 11 அவுன்ஸ். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் ஜான்சனின் மீனை ஏற்கிறது. ஹேவர்ட் அருங்காட்சியகமோ ஸ்ப்ரேயின் மீனை. பழைய புகைப்படங்களை அளந்து பார்த்து ஸ்ப்ரேயின் மீன் அவ்வளவு பெரிதல்ல என்று வாதிட்டவர்களும் உண்டு. 2006-இல் அந்த வாதத்தை அருங்காட்சியகம் தள்ளுபடி செய்தது. சண்டை ஓயவில்லை.

பயணம் போகிறவருக்கு இந்தச் சண்டையில் வேறொரு செய்தி இருக்கிறது. தெளிந்த ஏரியிலும் மஸ்கி பெரிதாக வளரும், கலங்கிய நீரிலும் வளரும். ஆனால் ஒன்றில் பலித்த வழி மற்றதில் பலிக்காது. சிஸ்கோவைத் தின்னும் மஸ்கி, கரையை விட்டுவிட்டு ஆழ்நீரின் நடுவே மிதந்தபடி அந்தக் கூட்டத்தோடு அலையும். சிப்பேவாவின் மஸ்கியோ மரக்கட்டை, பாசி, மேடு என்று ஏதாவது ஒன்றை ஒட்டி நிற்கும். ஏரியைத் தேர்ந்ததுமே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்குள்ள மஸ்கி எதைத் தின்கிறது என்பது. அதற்கு விடை கிடைத்தால் ஏரியில் பாதி கழிந்துவிடும்.

எந்த ஏரி என்று முடிவெடுக்க விஸ்கான்சினில் அரசே உதவுகிறது. மாநில இயற்கைவளத் துறை மஸ்கி நீர்நிலைகளைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டிருக்கிறது. பெரிய மீனுக்குப் பெயர்பெற்றவை ஒரு வகுப்பு. எண்ணிக்கை மிகுந்து அளவு சுமாராக இருப்பவை இன்னொரு வகுப்பு. முதன்முதலாகப் போகிறவர் பெரிய மீனுக்கு ஆசைப்படாமல் எண்ணிக்கை மிகுந்த ஏரியைத் தேர்வது நல்லது. மஸ்கியைக் கண்ணால் பார்த்தால்தான் அது எப்படி நடந்துகொள்கிறது என்பது புரியும்.

மாதமும் ஒரு கழித்தல்தான். பருவம் தொடங்கும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் முட்டையிட்டு ஓய்ந்த மீன்கள் ஆழமற்ற இளஞ்சூட்டு நீரிலேயே கிடக்கும். ஏரி சட்டென்று சிறுத்துவிடும். நடுக்கோடையில் பாசிப்படுகையின் விளிம்புகளுக்கும் ஆழத்துக்கும் பிரிந்துபோகும். இலையுதிர் காலத்தில் மீன் குறைவாகவே கண்ணில் படும். படுவது குளிர்காலத்துக்காகத் தின்று கொழுத்ததாக இருக்கும்.

வீட்டு மேசையில் பாதி வேலை

அடுத்தது வரைபடம். ஆழக்கோடுகள் போட்ட ஏரி வரைபடத்தை விரித்து, பயன்படாத நீரைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார்கள். தட்டையான அடி, ஒரே ஆழம், ஒதுங்க இடமில்லை என்றால் அடி. மிஞ்சுவது சில இடங்கள்: ஆழத்துக்குள் நீளும் முனைகள், இரண்டு தீவுகளுக்கு இடைப்பட்ட தாழ்வு, ஆழ்நீர் சட்டென்று கரைக்குள் நுழையும் மடிப்புகள், சுற்றிலும் ஆழம் சூழ்ந்த நீரடி மேடுகள்.

இந்த நீரடி மேட்டுக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் பெயர் ‘பார்’. நம் கடலோர மீனவர்களும் கடலடிப் பாறைமேட்டைப் பார் என்றே சொல்கிறார்கள். இரண்டு சொல்லுக்கும் வேர் வேறாக இருக்கலாம். பொருள் ஒன்று: சிறுமீன் கூடுமிடம், ஆகவே பெருமீன் வருமிடம்.

சிப்பேவாவுக்கு இன்னொரு வரைபடமும் உண்டு, நீருக்கு முந்தியது. 1923-இல் சிப்பேவா ஆற்றின் கிளைகள் கூடுமிடத்தில் அணை கட்டிமுடித்தபோது பதினொரு சிறு ஏரிகள் ஒரே நீர்ப்பரப்பாகச் சேர்ந்தன. லக் கூர்ட் ஓரே ஓஜிப்வே மக்களின் பாக்வாவோங் கிராமமும், அவர்கள் மனோமின் என்றழைக்கும் காட்டரிசி விளைந்த இடங்களும், முன்னோர் கல்லறைகளும் நீருக்கடியில் போயின. அவர்கள் அணைக்குச் சம்மதிக்கவில்லை. இன்று மஸ்கி பிடிக்கிறவர்கள் ‘பழைய ஆற்றுத்தடம்’ என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுவது ஒரு காலத்தில் படகு போன ஆறு. ‘பார்’ என்று குறிப்பது ஆள் நடந்த மேடு. தெரியாத ஏரிக்குப் போகிறவர், அது யாருக்குத் தெரிந்த நிலமாக இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போவது மரியாதை.

வரைபட வேலையோடு சேர்த்து உரிமம், விதிகள். விஸ்கான்சினில் பெரும்பாலான நீர்நிலைகளில் 40 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய மீனுக்கென்று காக்கும் சில ஏரிகளில் 50 அங்குலம். நாளுக்கு ஒன்றுதான். ஏரிக்கு ஏரி விதி மாறும் என்பதால் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் படகைக் கொண்டுபோகும்முன் நீரை வடித்து, ஒட்டிய பாசியைக் களைவதும் அங்கே சட்டம். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிர்கள் படகோடு பயணம் செய்துதான் பரவுகின்றன.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் பயணத்தின் முதல் நாளாக இருக்கட்டும். எல்லா முயற்சியும் தோற்ற பிறகு கடைசி நாளில் கூப்பிட்டால், கற்றதைச் செய்து பார்க்க நாளிருக்காது. “மீன் எங்கே?” என்று கேட்பதைவிட, “இந்த வாரம் எந்த ஆழத்தில், எதை ஒட்டி நிற்கிறது?” என்று கேட்பவருக்குப் பதில் தாராளமாக வரும்.

கயிறு, கம்பி, குறடு

கருவிகள் எல்லாமே தடிமன். எட்டிலிருந்து ஒன்பதரை அடி நீள ராடு. நம் ஊரில் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு இங்கே உதவாது. இழுத்தால் நீளாத, பின்னிய நரம்பு, 80 அல்லது 100 பவுண்டு தாங்குவது வேண்டும். அதன் நுனியில் கம்பியோ கனத்த ஃபுளோரோகார்பன் துண்டோ கட்டாயம். மஸ்கியின் பல் வெறும் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும். போலி இரையை வாயில் மாட்டிக்கொண்டு போகும் மீன் பிழைப்பது சந்தேகம்.

போலி இரையைத் தேர்வதில் ஓர் ஆய்வு துணைக்கு வருகிறது. மஸ்கி எந்தப் புலனை நம்பி வேட்டையாடுகிறது என்று சோதித்த ஆய்வு 2001-இல் வெளியானது. கண் மறைக்கப்பட்ட மஸ்கிகள் இரையை நோக்கி நகரவே இல்லை. வெகு அருகில் வந்தபோது மட்டும் பாய்ந்தன. நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோடு என்ற உறுப்பு அந்தக் கடைசிப் பாய்ச்சலுக்கு உதவியது. ஆக, தூரத்திலிருந்து குறிவைப்பது கண். நெருக்கத்தில் கைகொடுப்பது பக்கக்கோடு.

இதைப் படகுக்குக் கொண்டுவந்தால் சட்டென்று ஒரு பட்டியல் கிடைக்கும். லக் கூர்ட் ஓரே போன்ற தெளிந்த நீரில் மீன் தூரத்திலிருந்தே பார்த்துவிடும். வேகமாக இழுக்கலாம், யோசிக்க நேரம் தரக் கூடாது. சிப்பேவாவின் கலங்கல் நீரில் பெரிய தகடுகள் சுழன்று தடதடவென்று அதிரும் வால்மயிர்ச் சுழலிகளும், நீர்மட்டத்தில் களகளவென்று சத்தமிட்டு வரும் மிதவை இரைகளும் எடுபடும்; பதுங்கிடத்தை உரசினாற்போல வீசவும் வேண்டும். இருட்டிய பிறகு மிதவை இரையோடு சுற்றுவது சிப்பேவாவில் பழைய வழக்கம்.

மீனுக்கான கருவிகளைப் போலவே மீனை விடுவிக்கும் கருவிகளும் முக்கியம். ஆழமான பெரிய கைவலை, நீண்ட மூக்குக் குறடு, தூண்டில் முள்ளை நறுக்கும் வெட்டுக்குறடு. இவை இல்லாமல் மஸ்கிக்கு முதல் வீச்சைப் போடக்கூடாது.

நீரில் முதல் நாள்

போய்ச் சேர்ந்த மாலையில் உடனே தூண்டில் போடக் கை துறுதுறுக்கும். அனுபவசாலிகள் அந்த மாலையைப் படகோட்டச் செலவிடுவார்கள். வரைபடத்தில் அடிக்காமல் விட்ட இடங்களை ஒவ்வொன்றாகச் சோனார் திரையில் பார்ப்பது. நீரின் வெப்பத்தை அளப்பது. பாசி பச்சையாக நிற்கிறதா, அழுகிக் கிடக்கிறதா என்று பார்ப்பது. அகன்ற இலையுள்ள ஒரு நீர்ச்செடியை அங்கே ‘முட்டைக்கோஸ்’ என்பார்கள். செழித்து நிற்கும் முட்டைக்கோஸ் படுகை, பக்கத்தில் ஆழ்நீர், மேலே காற்று மோதும் கரை. இந்த மூன்றும் கூடிய இடம் மறுநாள் காலைக்கு.

மறுநாள் முதல் விதி, ஓரிடத்தில் தங்காமல் போவது. படகிலுள்ள இருவரும் வேறு வேறு இரையை, வேறு வேறு ஆழத்தில் இழுப்பார்கள். மீன் கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. மஸ்கிக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு: இரையின் பின்னாலேயே படகுவரை வந்து, முறைத்துப் பார்த்துவிட்டு, மூழ்கிவிடும். புதியவருக்கு அது ஏமாற்றம். தேர்ந்தவருக்கு அன்றைய மிகப் பெரிய தகவல். எந்த ஆழம், எந்தச் செடி, எந்த நிற இரை, எத்தனை மணி என்று குறித்துக்கொள்வார். பிற்பகலுக்குள் மூன்று மீன் பின்தொடர்ந்து, மூன்றும் பாசியின் வெளிவிளிம்பில் என்றால், ஏரியில் இன்னொரு பெரும்பங்கு கழிந்தது. ஒளி மங்கும் வேளையில் அந்த மீன்களிடம் திரும்பிப் போவார்.

எட்டுப் போடுதல்

படகுவரை வந்த மீனைக் கடிக்க வைக்க ஓர் உத்தி உண்டு. இருசக்கர வாகன உரிமம் வாங்கியவர்கள் எல்லோரும் செய்ததுதான்: எட்டுப் போடுவது. நரம்பு ஓரடி ஒன்றரையடி மிஞ்சும்வரை இரையை இழுத்ததும் நீரிலிருந்து தூக்கிவிடாமல், ராடின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, இரையை எட்டு வடிவில் சுற்றுவது. வாகனத் தேர்வில் விழுவது திருப்பத்தில்தான், இங்கும் அதேதான். நாலடி நீள மீனால் குறுகலாகத் திரும்ப முடியாது. திருப்பம் அகலமாக இருக்க வேண்டும். திரும்பும்போது வேகம் குறையாமல் சற்றுக் கூட வேண்டும். தப்பியோடும் இரை போல அது தோன்றும் கணத்தில், காலடியிலேயே நீர் வெடிக்கும்.

பின்னால் மீன் வருகிறதா இல்லையா என்று பாராமல் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டுப் போட வேண்டும். கலங்கல் நீரில் வந்த மீன் கண்ணுக்குத் தெரியாது. ஐந்நூறு வீச்சுக்கு ஐந்நூறு எட்டு. சலிப்புதான். சலித்து விட்ட அந்த ஓர் எட்டில்தான் மீன் வந்திருக்கும்.

நிலவும் காற்றும்

எந்த நேரத்தைக் கழிப்பது? விடியலும் அந்தியும் எல்லோரும் அறிந்தவை. காற்றின் திசை மாறுவது, மழைக்கு முன் வானம் இருள்வது ஆகியவையும் மஸ்கியை உசுப்பும் என்பது தூண்டில்காரர்களின் அனுபவம். நிலவு? அவர்களிடையே தீவிர நம்பிக்கை. நிலா எழும் நேரம், மறையும் நேரம், உச்சிக்கு வரும் நேரம் எல்லாம் அட்டவணையாகப் படகில் இருக்கும்.

இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மஸ்கி ஆர்வலர் அமைப்பொன்று தன் உறுப்பினர்கள் பிடித்த மீன்களின் குறிப்பைப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தது. அதிலிருந்த மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை அலசிய ஆய்வு 2014-இல் வெளியானது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிப் பிடிபடும் மீன் கூடுவது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் ஏறக்குறைய ஐந்து சதவீதத்துக்குள். எனவே விடுப்பு எடுக்கப் பஞ்சாங்கம் பார்க்கலாம், தவறில்லை. விடுப்பு கிடைத்த வாரத்தில் தேய்பிறை அஷ்டமி வந்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை.

ஒரேயொரு நேரத்தை மட்டும் கட்டாயம் கழிக்க வேண்டும். நீரின் வெப்பம் 27 பாகை செல்சியஸை நெருங்கினால் மஸ்கியை விட்டுவிட வேண்டும். சூடான நீரில் உயிர்வளி குறைவு. போராடிக் களைத்த மீன் விடுவித்த பிறகும் இறந்துபோகக்கூடும்.

கைக்கு வந்த பிறகு

விடுவிப்பதா என்று கேட்கலாம். ஆம், மஸ்கி பிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மீனைத் திரும்ப நீரிலேயே விடுகிறார்கள். ஒரு காலத்தில் அடித்துக் கொன்று தொங்கவிட்டுப் படமெடுத்தவர்கள்தான். 1966-இல் மினசோட்டாவில் தொடங்கிய ‘மஸ்கிஸ் இங்க்’ என்ற அமைப்பு இந்த மனமாற்றத்தில் பெரும்பங்கு வகித்தது.

காரணம் எளிய கணக்கு. செவுளுக்குப் பின்னுள்ள ஓர் எலும்பில் மரத்தின் ஆண்டு வளையம் போலக் கோடுகள் விழும். இறந்த மீன்களின் அந்த எலும்பைச் சேகரித்து, கனடாவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் வயதைக் கணித்தார்கள். பெரிதாக வளர்வது பெண்மீன்தான். ஐம்பது அங்குலத்தைத் தொட அதற்குப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பிடிக்கும். முப்பது ஆண்டு வாழ்ந்தவையும் உண்டு. அப்படியொரு மீனைச் சமைத்தால் ஒரு வேளை உணவு; ஏரிக்கோ பல ஆண்டு முட்டை நஷ்டம்.

ஆகவே வலையில் விழுந்த மஸ்கி வலைக்குள்ளேயே, நீரிலேயே கிடக்கட்டும். குறட்டால் முள்ளைக் கழற்றலாம். ஆழப் பாய்ந்திருந்தால் முள்ளை நறுக்கிவிடலாம், முள் போனால் வேறு வாங்கலாம். படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக்கிவிட்டு, ஒரு கை தாடையருகே, ஒரு கை வயிற்றடியில் தாங்கிக் கிடைமட்டமாகத் தூக்கி, சில நொடிகளில் இறக்கிவிட வேண்டும். செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதைக் காயப்படுத்தும். வால் தண்டைப் பிடித்தபடி காத்திருந்தால், சக்தி திரும்பியதும் ஒரு உதறலில் தானே போய்விடும்.

ஐந்து நாளும் ஒன்றும் சிக்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. அவர்களிடம் பாதிக்கு மேல் அடித்த ஒரு வரைபடமும், பின்தொடர்ந்த மீன்களின் குறிப்பும் இருக்கும். அடுத்த ஆண்டு அந்த ஏரி அவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும். சிப்பேவாவில் சதுப்புத் திட்டுகள் மரங்களோடு பெயர்ந்து மிதக்கும்; மஸ்கி அவற்றின் அடிநிழலில் நிற்கும். காற்று திரும்பினால் திட்டும் கிளம்பிவிடும். ஒரு பெரிய திட்டு பாலத்தருகே வந்து வழியை அடைக்கும் ஆண்டுகளில், ஊர்க்காரர்கள் படகுகளோடு கூடி முட்டித் தள்ளி அதை அப்பால் அனுப்புகிறார்கள். நேற்று மீன் காட்டிய இடம் இன்று அரை மைல் தள்ளி நிற்கலாம், அடியில் மீனோடு. அதனால்தான் அந்த வரைபடத்தில் எதையும் பேனாவால் குறிப்பதில்லை.